ஃப்யூல் கண்ட்ரோலை மாற்றச் சொல்லி உத்தரவு வந்தாயிற்று: பழுது பார்ப்பதா, எக்ஸ்சேஞ்சா, காத்திருப்பதா?

ஹெலிகாப்டர் எஞ்சினுக்கு எரிபொருளை அளந்து விடும் ஃப்யூல் கண்ட்ரோல் கருவியில் குறை என்று அரசு ஆணையம் போட்ட வான்தகுதி உத்தரவு ஒன்றைத் திறந்ததும் எல்லோர் கண்ணும் முதலில் போவது ஒரே ஒரு வரிக்குத்தான்: எத்தனை மணி நேரத்துக்குள்? "அடுத்த பறப்புக்கு முன்" என்று இருந்தால் யோசிக்க ஒன்றுமில்லை. ஹெலிகாப்டர் ஹாங்கரில் நிற்கும், அவ்வளவுதான். "50 பறப்பு மணிக்குள்" என்றோ, "இத்தனை மணி அல்லது இத்தனை மாதம், எது முந்துகிறதோ அது" என்றோ இருந்தால்தான் தலைவலி ஆரம்பம். கையில் அவகாசம் இருக்கிறது, வழிகளும் நாலைந்து இருக்கின்றன. ஒவ்வொரு வழிக்கும் பரிந்து பேச அலுவலகத்தில் ஓர் ஆளும் இருப்பார்.

நான் பராமரிப்புத் திட்டமிடும் பக்கத்தில் இருந்தவன். வான்தகுதி உத்தரவின் ஆங்கிலச் சுருக்கமான ஏடி என்ற இரண்டெழுத்தைக் கேட்டாலே கணக்குப் பிரிவு விலைப்பட்டியலைத் தேடும், பைலட்டுகள் கருவியை முறைத்துப் பார்ப்பார்கள். எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை விலைப்பட்டியல் சொல்லாது என்பது என் அனுபவம். உங்கள் எஞ்சினில் இப்போது இருக்கும் கருவியின் கதை உங்களுக்கு எவ்வளவு தெரியும், அதைக் கழற்றி மாட்டுவதில் எத்தனை முறை கை வைக்கப் போகிறீர்கள், இந்த இரண்டும்தான் சொல்லும்.

முதலில் கருவியைப் பார்த்துவிடுவோம். ஹெலிகாப்டரின் ரோட்டரைச் சுழற்றும் டர்போஷாஃப்ட் எஞ்சினில் பைலட் கையில் இருக்கும் த்ராட்டில் பெரும்பாலான நேரம் ஒரே இடத்தில் சும்மா கிடக்கும். எவ்வளவு எரிபொருள் உள்ளே போக வேண்டும் என்று நொடிக்கு நொடி முடிவு செய்வது எஞ்சினோடு ஒட்டிக்கொண்டிருக்கும் இந்தக் கருவிதான். கலெக்டிவை (ரோட்டர் இறக்கைகளின் கோணத்தைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோல்) உயர்த்தினால் ரோட்டருக்குச் சுமை கூடும், சுற்றும் வேகம் இறங்கப் பார்க்கும். வேகத்தைக் கண்காணிக்கும் கவர்னர் அதைக் கண்டுகொண்டு இன்னும் எரிபொருள் கேட்கும். ஃப்யூல் கண்ட்ரோல் கொடுக்கும், ஆனால் கம்ப்ரசர் விக்காத அளவுக்கு, டர்பைன் வெந்து போகாத அளவுக்குக் கொடுக்கும்.

உள்ளே அடிப்படையாக நடப்பது இரண்டு காரியம். எரிபொருளை அளக்கும் வால்வு எவ்வளவு திறந்திருக்க வேண்டும் என்பது ஒன்று. அந்த வால்வுக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசத்தை மாறாமல் பிடித்து வைப்பது மற்றொன்று. வித்தியாசம் மாறாமல் இருந்தால்தான் திறப்பு எவ்வளவோ அவ்வளவு எரிபொருள் என்ற கணக்கு நிற்கும். சில கருவிகளில் இந்த இரண்டாவது வேலையைச் செய்வது ரப்பர் பூசிய துணியால் ஆன ஒரு மெல்லிய சவ்வு. ஏரியல் 2 வகை எஞ்சின்களில் அந்தச் சவ்வு தேய்ந்துபோனதே உத்தரவுக்குக் காரணமாகியிருக்கிறது. உள்ளங்கை அகலம்கூட இல்லாத ஒரு துண்டு தேய்ந்தால் எஞ்சின் சொன்ன பேச்சைக் கேட்காது.

பெல் 206, எம்டி 500 போன்றவற்றில் இருக்கும் ரோல்ஸ் ராய்ஸ் 250 எஞ்சினை எடுத்துக்கொண்டால் (அலிசன் 250 என்றால்தான் பழைய ஆட்களுக்குப் புரியும்), அதோடு வரும் பெண்டிக்ஸ் வகைக் கருவி காற்றழுத்தத்தை வைத்து வேலை செய்கிறது. கம்ப்ரசரிலிருந்து காற்று மெல்லிய குழாய்கள் வழியாக வரும். உள்ளே துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பாக இருக்கும் சின்ன உலோக பெல்லோஸ் அந்த அழுத்தத்துக்கு ஏற்ப நீண்டு சுருங்கி வால்வை நகர்த்தும். குழாய் முனையில் ஒரு நட் தளர்ந்து காற்று கசிந்தால், கம்ப்ரசரே குறைவாகச் சுற்றுகிறது என்று கருவி நினைத்துக்கொள்ளும். எரிபொருளைக் குறைக்கும். எஞ்சின் ஐடிலுக்கு, அதாவது சும்மா ஓடும் குறைந்த வேகத்துக்கு, இறங்கிவிடும், சில சமயம் அணைந்தே போகும். ஒற்றை எஞ்சின் ஹெலிகாப்டரில் பைலட் ஓரிரு வினாடிக்குள் கலெக்டிவை இறக்கி ஆட்டோரொட்டேஷனுக்கு (எஞ்சின் சக்தி இல்லாமல், கீழிருந்து வரும் காற்றே ரோட்டரைச் சுழற்ற இறங்குவது) போயாக வேண்டும். எதிர்ப்பக்கமும் உண்டு. எரிபொருள் அளவுக்கு மீறிப் போனால் ரோட்டர் வேகம் எகிறும், அப்போது கலெக்டிவை உயர்த்தி, த்ராட்டிலைக் கையால் குறைத்துச் சமாளிக்க வேண்டும். பயிற்சியில் இரண்டையும் செய்து பார்த்திருப்பார்கள். முன்னறிவிப்போடு செய்தது அது.

இனி உத்தரவு. தயாரிப்பாளர் அனுப்பும் சர்வீஸ் புல்லட்டின் வேறு, அரசு ஆணையம் போடும் வான்தகுதி உத்தரவு வேறு. புல்லட்டினின் தலையிலேயே "கட்டாயம்" என்று தயாரிப்பாளர் கொட்டை எழுத்தில் போட்டிருந்தாலும், அதற்குச் சட்ட பலம் வருவது ஆணையம் அதை உத்தரவாக்கும்போதுதான், அல்லது உங்கள் நாட்டு விதியோ உங்களுக்கு ஒப்புதலான பராமரிப்புத் திட்டமோ புல்லட்டினைக் கட்டாயமாக்கியிருக்கும்போதுதான். அமெரிக்க விமான ஆணையமான எஃப்ஏஏவின் 39-ஆவது பகுதி விதி இதில் ஒளிவுமறைவு வைக்கவில்லை: உத்தரவை நிறைவேற்றாமல் பறந்தால், பறக்கும் ஒவ்வொரு தடவையும் தனித்தனி மீறல். ஐரோப்பாவில் இயாசா இதே வேலையைச் செய்கிறது. எஞ்சின் எந்த நாட்டில் வடிவமைக்கப்பட்டதோ அந்த நாடு தகவலை அனுப்ப வேண்டும், ஹெலிகாப்டர் பதிவான நாடு அதன் மேல் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பது சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 8-ஆவது இணைப்பில் உள்ள ஏற்பாடு. ஆகவே "இது வேறு நாட்டு உத்தரவு, நமக்கு இல்லை" என்று யாராவது சொன்னால், எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள். பேச்சு நின்றுவிடும்.

வழிகளை ஒப்பிடும் முன் ஒரு வேலை இருக்கிறது: உத்தரவு உங்கள் கருவிக்குப் பொருந்துமா என்று பார்ப்பது. பாக எண்ணும் வரிசை எண்ணும் கொடுத்திருப்பார்கள். லாக் புக்கைப் புரட்டி "நம்முடையது பட்டியலில் இல்லை" என்று கையெழுத்துப் போட்டு முடிப்பவர்கள் உண்டு. நானும் ஒருமுறை அப்படித்தான் கிட்டத்தட்ட முடித்தேன். மெக்கானிக் ஒருவர்தான் பிடிவாதமாக எஞ்சின் மூடியான கவுலிங்கைத் திறந்து, குழாய்களுக்கு நடுவே சின்னக் கண்ணாடியை நீட்டி, டார்ச் அடித்து, துணியால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, கருவியின் எண்கள் பொறித்த டேட்டா பிளேட்டைப் படித்தார். லாக் புக்கில் 3, பிளேட்டில் 8. எப்போதோ யாரோ கையால் எழுதிய 8, அடுத்தவர் கண்ணுக்கு 3 ஆகியிருக்கிறது. பட்டியலில் இருந்தது 8. அன்றிலிருந்து பிளேட்டைக் கண்ணால் பார்க்காமல் "பொருந்தாது" என்று எழுதுவதில்லை. கண்ணாடியில் எழுத்து இடவலம் மாறித் தெரியும், ஆகவே போட்டோ எடுத்தே படியுங்கள்.

அலமாரியில் இருக்கும் ஸ்பேரையும் இதோடு பார்த்துவிட வேண்டும். இப்படிப்பட்ட உத்தரவுகளில் கடைசிப் பகுதியில் "இன்ன தேதிக்குப் பின் இந்தப் பாகத்தை எந்த எஞ்சினிலும் பொருத்தக் கூடாது" என்று ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். எஞ்சினில் இருப்பதை மாற்றிவிட்டு, ஆறு மாதம் கழித்து அவசரத்துக்கு அலமாரியிலிருந்து அதே குறையுள்ளதை எடுத்து மாட்டிய கதை இந்தத் தொழிலில் புதிதல்ல.

சரி, வழிகளுக்கு வருவோம்.

உங்கள் கருவியையே அங்கீகாரம் பெற்ற ஓவர்ஹால் (முழுவதும் பிரித்துப் புதுப்பிக்கும்) பட்டறைக்கு அனுப்பி, குறையுள்ள பாகத்தை மட்டும் மாற்றி வாங்குவது முதல் வழி. காகிதத்தில் மலிவு இதுதான். இதன் பெரிய பலம், அந்தக் கருவியின் வரலாறு உங்களிடமே இருக்கிறது: எப்போது ஓவர்ஹால் ஆனது, எத்தனை மணி ஓடியது, எப்போது என்ன முணுமுணுத்தது எல்லாம் தெரியும். பலவீனம், உத்தரவு உங்களுக்கு மட்டும் வரவில்லை. ஒரே மாதத்தில் உலகத்தில் உள்ள அத்தனை பேரும் அதே கருவியைக் கழற்றி அதே நாலைந்து பட்டறைகளுக்கு அனுப்புவார்கள். மாற்ற வேண்டிய புதுப் பாகமும் அந்தச் சமயத்தில்தான் தட்டுப்பாடாகும். வழக்கமாகச் சில வாரம் ஆகும் வேலை எவ்வளவு இழுக்கும் என்று பட்டறைக்காரரே சொல்ல மாட்டார். இன்னொன்றும் இருக்கிறது. திறந்தால் உள்ளே இருப்பது எல்லாம் கண்ணில் படும். தேய்ந்த ஸ்ப்ளைன், துருப்பிடித்த பேரிங், காலாவதியான சீல் என்று பட்டியல் நீளும். ஒரு பாகத்துக்கு அனுப்பிய கருவி முழு ஓவர்ஹால் பில்லோடு திரும்பும். பட்டறையின் மேல் தப்பு சொல்ல முடியாது. பார்த்த பின் பார்க்காதது போல மூடிக் கொடுத்தால்தான் தப்பு.

இரண்டாவது, எக்ஸ்சேஞ்ச். ஏற்கெனவே சரிசெய்த கருவி ஒன்று வரும், அதை மாட்டிவிட்டு உங்களுடையதை கோர் என்று திருப்பி அனுப்புவீர்கள். ஹெலிகாப்டர் நிற்கும் நேரம் மிகக் குறைவு. ஒற்றை ஹெலிகாப்டரை வைத்துத் தொழில் நடத்துபவர்கள் கண்ணை மூடிக்கொண்டு இதற்குப் போவார்கள். போகட்டும், ஆனால் மூன்று விஷயத்தில் மட்டும் கண்ணைத் திறந்திருக்க வேண்டும். கோரைத் திருப்ப ஒரு கெடு இருக்கும், தவறினால் அபராதம். திருப்பிய கோர் பழுது பார்க்கவே லாயக்கில்லை என்று தீர்மானித்தால் முழு விலையையும் கேட்பார்கள். மூன்றாவது பலருக்கு உறைப்பதில்லை. ஓவர்ஹாலுக்குப் பின் 300 மணி மட்டுமே ஓடிய கருவியைக் கொடுத்துவிட்டு, 1,800 மணி ஓடிய ஒன்றை வாங்கினால், உத்தரவு நிறைவேறும், ஆனால் அடுத்த ஓவர்ஹால் வாசலிலேயே நிற்கும். விலையை ஒப்பிடும்போது கருவி விலையைப் பார்க்காதீர்கள், அதில் மிச்சமிருக்கும் மணி ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு ஆகிறது என்று வகுத்துப் பாருங்கள். பல எக்ஸ்சேஞ்ச் பேரங்கள் அந்த வகுத்தலில் வெளுத்துவிடும்.

வருகிற கருவியின் காகிதம்தான் அதன் ஜாதகம். எஃப்ஏஏ 8130-3 அல்லது இயாசா படிவம் 1 என்ற சான்று இருக்க வேண்டும், அதிலுள்ள வரிசை எண் பிளேட்டில் இருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். "உத்தரவு எண் இன்னது, இன்ன முறைப்படி நிறைவேற்றப்பட்டது" என்று எழுதியிருக்க வேண்டும். "ஓவர்ஹால் செய்யப்பட்டது" என்று மட்டும் இருந்தால் போதாது. குறையுள்ள பெல்லோஸையோ சவ்வையோ வெளியிலிருந்து பார்க்க முடியாது. உள்ளே எது இருக்கிறது என்பதற்குச் சாட்சி அந்த ஒரு வரிதான்.

புதுக் கருவியையே வாங்கலாமே என்பார் ஒருவர். வசதி இருந்தால் வாங்கலாம். விலையைத் தாண்டி இதில் ஒரே ஒரு கண்ணி: புதியது என்பதும் திருத்தப்பட்டது என்பதும் ஒன்றல்ல. உத்தரவு வரும் முன்பே தயாராகிப் பெட்டியில் தூங்கிய சரக்கும் புதியதுதான். பெட்டியைப் பிரிக்கும் முன்பே வரிசை எண்ணைப் பட்டியலோடு ஒப்பிட்டுவிடுங்கள். நீண்ட நாள் அலமாரியில் இருந்ததென்றால் ரப்பர் பாகங்களின் ஆயுள் கணக்கும் உண்டு.

வாடகைக் கருவியை மாட்டிப் பறந்துகொண்டு, சொந்தக் கருவி பட்டறையிலிருந்து வந்ததும் திரும்ப மாற்றுவது நான்காவது வழி. திட்டமிடுபவர்களுக்கு மிகவும் பிடித்த வழி இது. எனக்கு மிகவும் பிடிக்காத வழியும் இதுதான், காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

எஞ்சினே ஓவர்ஹாலுக்குப் போகும் நாள் நெருங்கிவிட்டதென்றால், இரண்டையும் சேர்த்து முடித்துவிடுவது புத்திசாலித்தனம். இதற்கு ஒப்பீடே தேவையில்லை. உத்தரவின் கெடுவும் எஞ்சினின் மிச்ச மணியும் ஒத்துப்போகின்றனவா என்று மட்டும் பாருங்கள்.

அப்புறம், காத்திருப்பது. சில உத்தரவுகளில் மாற்றும் வரை குறிப்பிட்ட இடைவெளியில் கசிவோ தேய்மானமோ இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே ஓட்டலாம் என்று அனுமதி இருக்கும். 100 மணி கொடுத்திருக்கிறார்கள் என்றால் 100 மணி பத்திரம் என்று அர்த்தம் எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி அல்ல. எத்தனை கருவிகள் ஓடுகின்றன, எத்தனை பழுதாயின, மாற்றுப் பாகங்கள் எவ்வளவு வேகத்தில் கிடைக்கும் என்பதையெல்லாம் சேர்த்து, மொத்தக் கூட்டத்துக்குமான ஆபத்தைத் தாங்கக்கூடிய அளவுக்குக் கொண்டுவரப் போட்ட கெடு அது. உங்கள் கூரையின் கீழ் நிற்கும் கருவிக்கு அதில் தனி உத்தரவாதம் எதுவும் இல்லை. காத்திருப்பதுதான் முடிவென்றால் வேலையைத் தேர்ந்தெடுத்துக் காத்திருங்கள். இறங்க இடமுள்ள நிலத்தின் மேல், போதிய உயரத்தில், நேராகப் போய் நேராக வரும் பறப்பு வேறு. நீண்ட கயிற்றில் சுமை தொங்க மரங்களுக்கு மேல் அசையாமல் நிற்பது வேறு. உயரமும் வேகமும் சேர்ந்து குறைவாக இருக்கும் அந்த மூலையில் எஞ்சின் போனால் ஆட்டோரொட்டேஷனுக்கு மூச்சு இருக்காது. பைலட் கையேட்டில் உயரம்–வேகம் வரைபடம் எதற்கு இருக்கிறது என்று அந்த 100 மணியிலாவது நினைத்துப் பார்க்கலாம்.

மாற்று முறைக்கு ஒப்புதல் கேட்பதும் ஒரு வழிதான், எஃப்ஏஏ விதி 39.19 அதற்கு இடம் தருகிறது. ஆனால் உத்தரவு தரும் அதே அளவு பாதுகாப்பை உங்கள் முறையும் தரும் என்று நீங்கள்தான் காட்ட வேண்டும். விண்ணப்பம் போட்டதால் கெடு நிற்காது. வேறொரு நிறுவனத்தின் மாற்றுப் பாகத்தைப் பொருத்த நினைப்பவர்கள் இந்தக் கதவைத் தட்டும்படி ஆகலாம். நேரம் வாங்குவதற்கான தந்திரமாக இதை நினைப்பவர்களுக்கு நேரம்தான் போகும். ஹெலிகாப்டர் பட்டறை இல்லாத இடத்தில் கெடு முடிந்து மாட்டிக்கொண்டதென்றால், அங்கிருந்து பறந்து வர விதி 39.23 சிறப்பு அனுமதிக்கு வழி விடுகிறது, அந்த உத்தரவு அதைத் தடுக்காத வரை.

இப்போது வாடகைக் கருவி ஏன் பிடிக்காது என்ற இடத்துக்கு வருகிறேன். ஃப்யூல் கண்ட்ரோலை மாற்றுவது நாலு போல்ட்டைக் கழற்றி நாலு போல்ட்டை மாட்டும் வேலை என்று மேஜையில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். எரிபொருள் குழாய்கள், காற்றுக் குழாய்கள், த்ராட்டில் இணைப்புக் கம்பி எல்லாவற்றிலும் கை வைத்தாக வேண்டும். 250 எஞ்சினில் சக்தி போனதாக வந்த விபத்து விசாரணைகளில் தளர்ந்த பி நட் திரும்பத் திரும்ப வருகிறது. விரல் நுனி அளவுக் குழாய், அதன் முனையில் ஒரு சின்ன நட். கையால் திருகிவிட்டு, குறித்த அளவுக்கு இறுக்கும் டார்க் ரெஞ்ச் எடுக்கப் போனவரை யாரோ போனில் கூப்பிட்டால் போதும். திரும்பி வந்து பார்க்கும்போது நட் இறுகியது போலத்தான் தெரியும். அதனால்தான் டார்க் கொடுத்ததும் நட்டின் மேலும் பொருத்தியின் மேலும் சேர்த்து ஒரு வண்ணக் கோடு இழுப்பார்கள். பிறகு நட் கொஞ்சம் அசைந்தாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். கோடு போடாத நட்டை, இறுக்காத நட்டாகவே கணக்கில் வையுங்கள்.

குறையுள்ள பெல்லோஸ் எங்கோ ஒன்றோ இரண்டோ பழுதாகலாம். தளர்ந்த நட்டை நம் கையாலேயே உள்ளே வைத்துவிட முடியும். வாடகைக் கருவி என்றால் அந்த எல்லா இணைப்புகளையும் இரண்டு முறை கலைக்கிறீர்கள். ஒரு மாதத்துக்குள் இரண்டாவது தடவை மாட்டும்போது, போன தடவை செய்ததுதானே என்ற அலட்சியமும் கூடவே வரும்.

மாட்டிய பின் செய்யும் சோதனைகளில் எனக்குப் பிடித்தது வேகம் இறங்கும் நேரத்தைப் பார்ப்பது. பெல் 206-இல் ரோட்டரை முழு வேகத்தில் வைத்து, த்ராட்டிலைச் சட்டென ஐடிலுக்குக் கொண்டுவந்து, கம்ப்ரசர் வேகம் 65 சதவீதத்தைக் கடக்க எத்தனை வினாடி என்று ஸ்டாப்வாட்சில் பார்ப்பார்கள். 2 வினாடிக்குக் குறையக் கூடாது. அதற்கும் வேகமாக இறங்கினால், கருவி எரிபொருளை அளவுக்கு மீறி வெட்டுகிறது என்று சந்தேகம். ஒருமுறை அப்படிக் காட்டினால் இன்னும் இரண்டு முறை செய்து உறுதிப்படுத்திவிட்டு நிறுத்திவைக்க வேண்டும். 2 வினாடி என்பது கையில் ஸ்டாப்வாட்ச் இல்லாமல் "சரியாத்தான் இருக்கு" என்று சொல்லிவிடக்கூடிய நேரம். சொல்லிவிடுகிறார்கள் என்பதுதான் பிரச்சினை.

இரட்டை எஞ்சின் ஹெலிகாப்டர் வைத்திருப்பவர்களின் கேள்வி வேறு. இரண்டு கருவிகளும் பட்டியலில் இருக்கின்றன, ஹெலிகாப்டர் எப்படியும் நிற்கப் போகிறது, ஒரே நாளில் இரண்டையும் மாற்றிவிட்டால் என்ன? செலவுக் கணக்கில் இதற்கு எதிராக ஒரு வார்த்தை சொல்ல முடியாது. நான் சொல்வது 1983 மே 5-ஐப் பற்றி. ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸின் 855-ஆம் எண் பறப்பு, மூன்று எஞ்சின் கொண்ட எல்-1011 விமானம், மயாமியிலிருந்து பஹாமாஸின் நசாவுக்குப் போய்க்கொண்டிருந்தது. மூன்று எஞ்சின்களிலும் எண்ணெயில் உலோகத் துகள் இருக்கிறதா என்று காட்டும் காட்டியை மாற்றியபோது, கசிவைத் தடுக்கும் ஓ-ரிங் வளையத்தைப் போடாமல் விட்டிருந்தார்கள். எண்ணெய் கசிந்தது. ஒரு எஞ்சினை நிறுத்திவிட்டு மயாமிக்குத் திரும்பும் வழியில் மற்ற இரண்டும் அணைந்தன. முதலில் நிறுத்திய எஞ்சினைத் திரும்ப இயக்கித்தான் 172 பேரும் பத்திரமாக இறங்கினார்கள். ஒரே கை, ஒரே வேலை, ஒரே மறதி, மூன்று எஞ்சின்.

ஆகவே இரட்டை எஞ்சினில் ஒன்றை முதலில் மாற்றி, சில மணி நேரமாவது பறந்து, திறந்து கோடுகளைப் பார்த்துவிட்டு, அப்புறம் மற்றதை மாற்றுங்கள். கெடு அதற்கு இடம் தராவிட்டால் ஆளையாவது மாற்றுங்கள்: இடது எஞ்சினை ஒருவர், வலது எஞ்சினை இன்னொருவர், ஒருவர் வேலையை மற்றவர் பார்ப்பது. கருவிகள் இரண்டும் ஒரே பட்டறையிலிருந்து ஒரே நாளில் சோதித்து வந்தவையாக இல்லாமல் இருந்தால் இன்னும் நல்லது, ஆனால் அது கிடைக்கிற பாக்கியத்தைப் பொறுத்தது.

என்னைக் கேட்டால் இப்படிச் செய்வேன். ஒற்றை எஞ்சின், தினமும் பறக்கும் ஹெலிகாப்டர் என்றால் எக்ஸ்சேஞ்ச், அதுவும் கெடுவின் முதல் கால்வாசியிலேயே. கடைசியில் போனால் விலை மட்டும் ஏறாது, காகிதம் சரியில்லாத கருவியைக்கூட "பரவாயில்லை" என்று வாங்க வைக்கும் அவசரமும் வரும். வருடத்தில் கொஞ்சமே பறக்கும், வரலாறு சுத்தமாக இருக்கும் கருவி என்றால் சொந்தக் கருவியையே பட்டறைக்கு அனுப்பிவிட்டு ஹெலிகாப்டரை நிற்க விடுவேன். அனுப்பும் முன் வரிசையில் எத்தனாவது இடம் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்வேன். கழற்றிய எல்லாக் குழாய்க்கும் அன்றே மூடி போடுவேன், திறந்து கிடக்கும் குழாயில் குடியேறும் குளவிக்குக் கெடுவெல்லாம் தெரியாது. இரட்டை எஞ்சினில் ஒரு எக்ஸ்சேஞ்ச் கருவி வாங்கி முதல் எஞ்சினில் மாட்டுவேன். கழற்றியதைப் பட்டறைக்கு அனுப்பிச் சரிசெய்து வாங்கி இரண்டாவதில் மாட்டிவிட்டு, இரண்டாவதிலிருந்து வந்ததைக் கோராகத் திருப்பிக் கொடுப்பேன். எக்ஸ்சேஞ்ச் கொடுப்பவர் இதற்கு முதலிலேயே சம்மதிக்க வேண்டும், கோர் கெடுவும் கொஞ்சம் நீள வேண்டும். கேட்டால் பெரும்பாலும் கொடுக்கிறார்கள். கேட்காமல் செய்தால் பில் வரும்.